இடது முன் சக்கரத்தில் ஓர் இட்லித் துணி

காலை ஏழேகால் ஆகும்போது மும்பையின் முலுண்டில் அந்தத் தெருமுனையில் மூன்று நாய்கள் எழுந்து சோம்பல் முறிக்கும். சற்று நேரத்தில் நீல நிறச் சின்னக் கார் ஒன்று மெல்ல ஊர்ந்து வந்து நடைபாதையை ஒட்டி நிற்கும். இட்லியும் சாம்பாரும் இருப்பது காரின் பின்பக்கத்தில். நாய்கள் அங்கே போவதில்லை. நேராக இடது முன் சக்கரத்துக்குப் போகும். பெரியது முதலில் நக்கும். அது நகர்ந்த பிறகு காது கிழிந்தது. கடைசியாக, வால்நுனி வெளுத்தது. முறை தவறாது.

“பாத்தியளா, எம் வண்டிக்கு மட்டுந்தான் இந்த மரியாத,” என்பாள் விஜயராணி, கதவைத் திறந்து இறங்கிக்கொண்டே. “சண்ட இல்ல, சத்தம் இல்ல, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு. நீங்களும் நிக்கியளே லைன்ல!”

வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நாய்கள் ஏன் அந்த ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்துக்கொண்டன என்று யாரும் கேட்டதில்லை. அவளும் யோசித்ததில்லை. அந்த நேரத்தில் அவளுடைய கண் முழுவதும் சாம்பார் பாத்திரத்தின் மூடியில் இருக்கும். மூடியோரத்தில் ஒரு சொட்டு வழிந்திருந்தால்கூட அன்றைக்கு வண்டி சரியாக ஓட்டவில்லை என்று கணக்கு.

வண்டி ஓட்ட அவளுக்குக் கற்றுக்கொடுத்தது சாம்பார்தான். ஆறு வருடத்துக்கு முன், நாற்பது வயதில், டிரைவிங் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே சொல்லித்தந்தவர் பிரேக் மிதித்தால் பல் ஆடும். இது நமக்கு ஆகாது என்று முடிவு செய்து, மாட்டுங்காவில் ஒரு குடும்பம் வேண்டாமென்று விற்ற காரை வாங்கினாள். பின்சீட்டைக் கழற்றினாள். அங்கே ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீரை மூடாமல் வைத்து, விடியற்காலையில் தாராவிச் சாலையில் மேலும் கீழும் போய்வந்தாள். தண்ணீர் தளும்பாத நாளில்தான் இட்லி ஏற்றினாள். கழற்றிய பின்சீட் மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்பில் அவள் வீட்டுக் கூடத்தில் கிடக்கிறது. விருந்தாளி வந்தால் அதில்தான் உட்காரவேண்டும். சீட் பெல்ட் இரண்டும் இன்னும் அதிலேயே தொங்குகின்றன. “மாட்டிக்கிடுங்க, எங்க வீட்டுக்காரரு பேச ஆரம்பிச்சா குலுங்கும்,” என்று அவள் சொல்வதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

நேரத்தை அவள் ஈடு கணக்கில்தான் சொல்வாள். ஒரு ஈடு இட்லி வேகப் பத்து நிமிடம். சயானிலிருந்து முலுண்டு மூன்று ஈடு, மழை பெய்தால் ஐந்து. மகளின் பிரசவ வலி நாற்பத்திரண்டு ஈடு. மருத்துவமனையில் நர்ஸ் கேட்டபோதும் அப்படித்தான் சொன்னாள்.

அந்தத் தெருமுனை இடம் பன்னிரண்டடி நீளம். ஒரு காரும் ஒரு வரிசையும் அடங்கும். ஒரு பக்கம் பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசல், மறுபக்கம் ஸ்டேஷனுக்குப் போகும் வழி. இதைவிட நல்ல இடம் முலுண்டில் கிடையாது. மும்பையில் நடைபாதையோரத்துக்குப் பத்திரம் எழுதித் தருவதில்லை. நிற்கிறவருக்குத்தான் இடம். நிற்காத நாளில் அது வேறொருவருடையது. இது விஜயராணிக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை, ஏனென்றால் அவளுக்கு இடம் கிடைத்த விதமே அதுதான். அவளுக்கு முன் அங்கே கரும்புச்சாறு பிழிந்தவர் கோயில் கொடைக்கென்று நான்கு நாள் ஊருக்குப் போனார். ஐந்தாம் நாள் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தபோது நீலக் கார் நின்றது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, நான்கு இட்லி வாங்கித் தின்றுவிட்டுப் போனார். அந்த நான்கு இட்லி அவள் நெஞ்சில் இன்னும் செரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு நாளும் அவள் வராமல் இருந்ததில்லை. நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில் வந்து முன்சீட்டில் சாய்ந்துகொண்டு, வாடிக்கையாளர்களையே எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். மகள் கல்யாணத்தன்று பட்டுப்புடவையோடு வந்து ஒரு ஈடு நேரம் நின்றுவிட்டு மண்டபத்துக்குப் போனாள்.

இத்தனைக்கும் காரணம் பேய் பிசாசு இல்லை. பத்தடி தள்ளி ஸ்கூட்டரில் மெதுவடை விற்கும் ஹரி. அவனும் லேபர் கேம்ப்தான். நல்ல பையன், நல்ல வடை. தினமும் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போடும்போது அவளுடைய இடத்தை ஒரு தடவை கண்ணால் அளப்பான்.

“யக்கா, ஒங்களுக்கு வயசாவுது. ஒரு நாளு லீவு போடுங்களேன். எடத்த நான் பாத்துக்கிடுதேன்.”

“நீ பாத்துக்கிட்டுத்தானல இருக்க, தெனமும்.”

“அட, நல்லதுக்குச் சொன்னா…”

“வடை கருகுது பாரு.”

சனவரியில் சயானில் சாலையைத் தோண்டிப்போட்டிருந்தார்கள். ஒரு காலைப்பொழுதில் பள்ளத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பி காரின் அடியில் எதையோ இழுத்தது. விஜயராணி இறங்கிப் பார்த்தாள். சாம்பார் தளும்பவில்லை. ஏறிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து இடது முன் சக்கரத்தின் உட்புறமெல்லாம் கருப்பாகத் தெறித்திருப்பதைக் கண்டாள். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவைத்து, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தாள். எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்ட் என்கிற தண்டு சக்கரத்தோடு சேரும் இடத்தில் ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கிறது. அதை மெக்கானிக்குகள் பூட் என்பார்கள். அது இரண்டு விரல் அகலத்துக்குக் கிழிந்து, உள்ளேயிருந்து கருப்புக் கிரீஸ் வழிந்துகொண்டிருந்தது.

விஜயராணிக்குக் கார் தெரியாது. கிரைண்டர் தெரியும். இருபது வருடமாக மூன்று கிரைண்டர்களைத் தன் கையாலேயே பிரித்துக் கழுவி மாட்டியிருக்கிறாள். சுற்றுகிற எதுவும் அவளுக்குக் கிரைண்டர்தான். சோற்றுப் பண்டம் ஏற்றும் வண்டியில் கருப்புக் கிரீஸா என்று அருவருப்பும் வந்தது. வெந்நீர் ஊற்றி, வந்தவரைக்கும் கழுவித் துடைத்தாள். கிழிசல் வழியாக ஒரு குழிக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டாள். நான்காக மடித்த இட்லித் துணி ஒன்றை மேலே சுற்றி, சட்னிப் பொட்டலம் கட்டும் நூலால் இறுகக் கட்டினாள். குளிர்காலம் ஆனதால் எண்ணெய் உறைந்து வெண்ணெய்போல நின்றது. சத்தமும் இல்லை. ஞாயிறுதோறும் ஒரு கரண்டி விட்டுவந்தாள். நாய்கள் வர ஆரம்பித்தது அந்த வாரத்திலிருந்துதான்.

மார்ச் வெயிலில் எண்ணெய் உருகியது. வலப்பக்கம் திரும்பும்போது ‘கிட்டிக் கிட்டிக்’ என்று ஒரு சத்தம் புறப்பட்டது. முதலில் பாக்கு வெட்டுவது போல. பிறகு தேங்காய் உடைப்பது போல. ஏப்ரலில், திரும்பும்போதெல்லாம் சாம்பார் மூடியே தாளம் போட்டது. நீண்ட நேரம் ஓடினால் காருக்குள் பணியார வாசனையும் வரும்.

ஒரு ஞாயிறு, விற்பனை முடிந்து திரும்பியதும், விஜயராணி காரை இசக்கியிடம் கொண்டுபோனாள். இசக்கி செம்பூரில் ஒரு காரேஜில் ஆறு நாள் வேலை பார்ப்பவர். ஏழாம் நாள் தாராவிச் சாலையோரம் அட்டை விரித்துத் தெரிந்தவர்கள் வண்டியைப் பார்ப்பார். ஐம்பது தாண்டியவர். சிரிக்காமல் பேசுவது அவர் வழக்கம். சக்கரத்துக்குப் பின்னால் தலையை நுழைத்தவர் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

“ராணி.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“யாரு இதுக்கு வேட்டி கட்டிவிட்டது?”

“நாந்தான்.”

“சந்தனம், குங்குமம் எதும் வச்சியா?”

“வெளாடாதிய அண்ணாச்சி. நல்ல துணி அது. வாரத்துக்கு ஒருக்கா எண்ணெயும் விட்டுருக்கேன்.”

“எண்ணெயா?” இசக்கி நூலை அறுத்தார். துணியை உருவி மூக்கருகே கொண்டுபோனார். “தேங்கா எண்ணெய்! ஏளா, நீ வண்டிய ஓட்டுதியா, தாளிக்கியா?”

துணியைத் தூக்கிப் போட்டார். தரையில் விழுமுன் ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடியது. விஜயராணி அது ஓடிய திசையையே பார்த்தாள். முலுண்டு நாய்களின் மரியாதைக்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கியது.

இசக்கி மூன்று வழி சொன்னார். விரல் விட்டு எண்ணவில்லை, ஸ்பானரால் தரையில் தட்டித் தட்டிச் சொன்னார்.

“நடுவுல பொளந்த பூட்னு ஒண்ணு வருது. எதையும் கழத்தாண்டாம், அப்பிடியே சுத்திப் போட்டு ஒட்டிறலாம். ஒட்டுனது எத்தன நாளைக்கு நிக்கும்னு எனக்கும் தெரியாது, அந்தப் பசைக்கும் தெரியாது. இல்லன்னா ஷாஃப்ட்ட வெளிய உருவிக் கழுவி, முழுப் பூட்டா மாட்டணும். உள்ள இருக்க இரும்புக் குண்டு நல்லாருந்தா ஒன் யோகம். அதுவும் இல்லன்னா ஷாஃப்ட்டயே மாத்திறணும். குர்லால நம்ம அல்தாப் பழைய வண்டி பிரிக்கான், இதே மாடல் ஒண்ணு வந்திருக்குன்னான். நல்லாருக்கும்.”

“ஒங்க வண்டியா இருந்தா என்ன செய்விய?”

“எவன் தலையிலயாவது கட்டிருப்பேன்.”

“அண்ணாச்சி!”

“சரி, கையக் காட்டு.” கிழிசலுக்குள் விரலை விட்டு எடுத்து, அவள் உள்ளங்கையில் தேய்த்தார். எண்ணெய்ப் பசை. அதற்குள் நறநறவென்று ஏதோ உருண்டது. “இது சயான் மண்ணு. மூணு மாசமா குண்டோட சேந்து அரைபட்டிருக்கு. நீ அரைக்க மாவுல மண்ணு விழுந்துட்டுன்னு வையி. மேல புதுத் துணி போட்டு மூடுனா அது இட்லியாயிருமா?”

இது அவளுக்குச் சுருக்கென்று பட்டது. மண் விழுந்த மாவை என்ன செய்வாள் என்பதில் அவளுக்கு இரண்டு எண்ணம் கிடையாது. இப்படியே ஓட்டினால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டாள்.

“ஒரு நாளு ஹைவேல எஞ்சின் ஓடும். வண்டி ஓடாது.”

“மாத்த எம்புட்டு நேரம்?”

“நல்லபடியாக் கழண்டா மூணு, மூணரை மணி நேரம்.”

அவள் உதடு அசைந்தது. இருபத்தோரு ஈடு. “கழளலன்னா?”

“இருவத்தோரு வருசத்துத் துரு. ஒரு போல்ட்டு அறுந்துச்சுன்னா வண்டி ஜாக்கி மேலயே நிக்கும். மறுநாளு நான் செம்பூருக்குப் போயிருவேன். அடுத்த ஞாயித்துக்கெழமதான்.”

ஒரு வாரம். பன்னிரண்டடி இடம் ஒரு வாரம் வெறுமனே கிடக்கும். கரும்புச்சாறுக்காரர் நான்கு நாள்தான் போயிருந்தார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, கிழிசல் மேல் ஒரு பாலிதீன் பையைச் சுற்றிக்கொண்டு திரும்பினாள்.

அந்த வாரம் முழுவதும் முலுண்டு வரிசையில் இதே பேச்சு. நாய்கள் வந்து மோந்து பார்த்துவிட்டு, ஏமாற்றப்பட்ட முகத்தோடு போய்ப் படுத்துக்கொண்டன. மனிதர்களுக்கு உற்சாகம். ஏதோ தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற வேங்கடசுப்ரமணியன் தட்டைக் கையில் ஏந்தியபடி பாடம் எடுத்தார்.

“இதோ பாரும்மா, இது ப்யூர் மெக்கானிக்ஸ். பூட்ங்கறது வெறும் ரப்பர். உள்ள இருக்கறதுதான் விஷயம்.”

“அதத்தான் எங்க அண்ணாச்சியும் சொன்னாவ. எடத்த விடாம எப்பிடி மாத்த, அதச் சொல்லுங்க மாமா.”

“அது மெக்கானிக்ஸ்ல வராதே!” என்றார் அவர். “இன்னும் கொஞ்சம் சட்னி விடு.”

வங்கியில் வேலை பார்க்கும் ஸ்ரீலேகா ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டே தின்றாள். “ராணி, இதை வித்துட்டு ஒரு டெம்போ வாங்கிடேன். நான் லோன் போட்டுத் தரேன். எட்டு ஏழு லோக்கல் ட்ரெயின் போயிடும், சீக்கிரம் யோசி.” யாரோ ஒருவர் டேப் சுற்றினால் போதும் என்றார், தன் ஊரில் டிராக்டரே அப்படித்தான் ஓடுகிறதாம். பத்தடி தள்ளி ஹரி வடையைத் திருப்பிப் போட்டபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

“யக்கா, கவலப்படாதிய. ஒரு வாரந்தான? ஒங்க கஸ்டமரு யாரும் பசியோட போவாண்டாம். நான் இருக்கேன்லா?”

“அதுதாம்ல கவல,” என்றாள் விஜயராணி.

வியாழக்கிழமை, வரிசை கலைந்த பிறகு, அவள் பாத்திரங்களை ஏற்றாமல் காரைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். பிறகு எதிர்த்திசையில் ஒரு முறை. காரின் மேல்தகட்டைக் கையால் தட்டினாள். போனை எடுத்தாள்.

“அண்ணாச்சி, வேல பாக்கும்போது வண்டி நிக்கணும், அம்புட்டுத்தான?”

“பின்ன, ஓடிக்கிட்டா இருக்கும்?”

“எம் வண்டி தெனமும் காலைல மூணு மணி நேரம் நிக்குது.”

மறுமுனையில் கேட்ட காரேஜின் சுத்தியல் சத்தத்துக்கு மேலே அவள் குரலை உயர்த்தினாள்.

“நீங்க ஞாயித்துக்கெழம முலுண்டுக்கு வாங்க. அங்கனயே பிரிங்க. நான் பாட்டுக்கு விக்கேன், நீங்க பாட்டுக்கு மாத்துங்க.”

“ஏளா, அங்க வச்சுப் போல்ட்டு அறுந்துட்டுன்னா?”

“அறுந்துட்டுப் போட்டு! ஓடாத வண்டிய எவன் நகத்துவான்? ஒரு வாரம் என்ன, ஒரு மாசம் எம் எடத்துலயே நிக்கும். இட்லிய நான் முன்னமாரி லோக்கல்ல லக்கேஜ் டப்பால ஏத்திக் கொண்டாந்துருவேன்.” சொல்லச் சொல்லத் தன் யோசனை அவளுக்கே பிடித்துப்போயிற்று. “கெட்டுப்போய் நின்னாத்தான் அண்ணாச்சி எனக்குப் பாதுகாப்பு.”

“ஒனக்குக் கிறுக்குத்தான்,” என்றார் இசக்கி. “ஆறு இட்லி எடுத்து வையி.”

ஞாயிற்றுக்கிழமை முலுண்டில் கூட்டம் இருமடங்கு. குடும்பத்தோடு வருவார்கள், தூக்குப் பாத்திரம் கொண்டுவருவார்கள். அன்றைக்கு அவர்கள் கண்டது இது: கார் வழக்கமான இடத்தில் நிற்கிறது. பாத்திரங்களெல்லாம் நடைபாதையில் இறங்கியிருக்கின்றன. முன்பக்கம் அட்டை விரித்து, ஸ்பானர்களும் ஒரு நீண்ட குழாயும் பரப்பி இசக்கி குந்தியிருக்கிறார். அவர் பக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய, முழங்கை நீளத் தண்டு. அவருக்கும் விஜயராணிக்கும் நடுவே சாலையில் கோலப்பொடியால் ஒரு நேர்கோடு.

“இது என்ன ராணி?” என்றாள் ஸ்ரீலேகா.

“பார்டர். அந்தப் பக்கம் கிரீஸு, இந்தப் பக்கம் சட்னி. அண்ணாச்சி கை தாண்டப்படாது.”

இசக்கிக்குரிய ஆறு இட்லியும் அந்தக் கோட்டுக்கு மேலே, கரண்டிக் காம்பின் தூரத்திலிருந்து நீட்டப்பட்டன. அவர் கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு தின்றார். கட்டடத்தின் வாட்ச்மேன் வந்து, ரோட்டில் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தினால் செகரட்டரியிடம் சொல்லிவிடுவேன் என்று இந்தியில் எச்சரித்துவிட்டு, இரண்டு செட் இட்லி வாங்கிக்கொண்டு போனார்.

சக்கரத்தின் நடுவே உள்ள பெரிய நட்டைக் கழற்றும்போதுதான் முதல் சிக்கல். உள்ளே ஒருவர் உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடித்தால்தான் அது அசையும். விஜயராணி கரண்டியை விட முடியாது. வேங்கடசுப்ரமணியன் முன்வந்தார். அவர் முழங்கால் சம்மதிக்கவில்லை. மற்றவர்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையில் இருந்தார்கள்.

இசக்கி எழுந்து சுற்றும் பார்த்தார். “ஏல ஹரி, இங்க வா.”

விஜயராணியின் கரண்டி பாத்திரத்திலேயே நின்றது. ஹரி அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளையின் நடையில் வந்தான். கதவைத் திறந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

“யக்கா, கடேசில எடத்துக்குள்ள வந்துட்டேன் பாத்தியளா?”

“வாய மூடிட்டு மிதில,” என்றாள் விஜயராணி. வரிசை முழுவதும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

இசக்கி ஸ்பானரில் குழாயைச் செருகி, அதன் மேல் ஏறி நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு தடவை குதித்தார். மூன்றாவது தடவை ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. எல்லாரும் விஜயராணியைப் பார்த்தார்கள், போல்ட் அறுந்துவிட்டதென்று. அவள் முகத்தில் அந்த நொடியில் வந்தது நிம்மதியா கலவரமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

“கழண்டுட்டு,” என்றார் இசக்கி.

அதன் பிறகு அவர் வேகம் பிடித்தார். ஜாக்கி ஏறியது, சக்கரம் கழன்றது. கியர்பாக்ஸ் எண்ணெயை ஒரு தகர டப்பாவில் சொட்டுச் சிந்தாமல் பிடித்தார். வாட்ச்மேனே குனிந்து பார்த்து ஏமாந்தார். பழைய தண்டு வெளியே வந்ததும் இசக்கி அதன் மூட்டைக் கையால் சுழற்றிக் காட்டினார். தேய்ந்த குண்டுகள் கரகரத்தன. குழிவிழுந்த எஃகில் இன்னும் தேங்காய் எண்ணெய் மினுக்கியது. வேங்கடசுப்ரமணியன் ஆர்வத்தில் கோட்டைத் தாண்டிப் போய், கட்டைவிரலால் தொட்டு, வேட்டியில் துடைத்துக்கொண்டார். அல்தாப் கொடுத்தனுப்பிய தண்டில் புதுப் பூட் கருகருவென்றிருந்தது. அதை இசக்கி குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல உள்ளே செலுத்தினார். இடையில் விஜயராணி நூற்றைம்பது செட் விற்றாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆனால் பின்னாலிருந்து வந்த ஒவ்வொரு தட்டுக்கும் அவள் கரண்டி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. அதனால் பலருக்கு அன்று சாம்பார் கூடுதலாகக் கிடைத்தது.

பத்தேகால் மணிக்குச் சக்கரம் தரையைத் தொட்டது. புது எண்ணெய் ஊற்றி, கையைத் துடைத்துக்கொண்டு இசக்கி சாவியை நீட்டினார்.

“ஒரு ரவுண்டு போய்ட்டு வா. வலப்பக்கமே திருப்பித் திருப்பி இந்த பிளாக்கச் சுத்து. சத்தம் வருதான்னு பாரு.”

விஜயராணி கையை நீட்டவில்லை. இன்னும் அறுபது இட்லி இருந்தது. வரிசையில் பன்னிரண்டு பேர். இடத்தைக் காலி பண்ணிவிட்டுப் போவதா?

“நீங்க போங்க அண்ணாச்சி.”

“வண்டி போனா எடம் போயிருமே யம்மா.”

“நான் இருக்கேன்லா?”

இசக்கி ஏறி உட்கார்ந்தார். கார் நகர்ந்து போனது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக, ஞாயிறு காலை பத்தேகாலுக்கு, அந்தப் பன்னிரண்டடியும் வெயிலில் வெறுமனே கிடந்தது. ஹரி வடைச்சட்டியிலிருந்து தலையைத் தூக்கினான். அவன் அசையுமுன் ஒரு வெள்ளைக் கார் எங்கிருந்தோ வந்து மூக்கை நுழைத்தது.

விஜயராணி நடைபாதையிலிருந்து சாலையில் குதித்து இறங்கினாள். சாம்பார்ப் பாத்திரத்தை முன்சக்கரம் நின்ற இடத்தில் வைத்தாள். இட்லிப் பெட்டியை இன்னொரு சக்கரத்துக்கு. சட்னி வாளியையும் தண்ணீர் ட்ரம்மையும் பின்னால் இழுத்துப்போட்டாள். நடுவில், ஸ்டியரிங் இருக்கவேண்டிய இடத்தில், தான் நின்றாள். “லைன் இங்க வாங்க!” என்றாள். பன்னிரண்டு பேரும் நடைபாதையிலிருந்து இறங்கி வந்து நின்றார்கள்.

வெள்ளைக் கார்க்காரர் தலையை நீட்டினார். “பார்க் கர்னா ஹை!” வண்டியை நிறுத்த வேண்டுமாம்.

“காடி ஹை இதர்,” என்றாள் விஜயராணி. இங்கே வண்டி நிற்கிறதாம்.

“கிதர் ஹை காடி?” எங்கே அந்த வண்டி என்று கேட்டார்.

“டர்ன் மார்னே கயா. டர்ன் அடிக்கப் போயிருக்கு, வந்துரும்.”

அவர் நான்கு பாத்திரங்களையும் நடுவில் நிற்கும் பெண்ணையும் பார்த்தார். ஹாரன் அடித்துப் பார்த்தார். அவள் அடுத்தவர் தட்டில் இரண்டு இட்லி வைத்தாள். ஹரி பொறுக்கமாட்டாமல், “பாயி சாப், ஜானே தோ, விட்டுருங்க, அது ஆவாது,” என்று கத்தினான். வெள்ளைக் கார் பின்வாங்கிப் போய்விட்டது. தான் ஏன் அப்படிச் சொன்னோம் என்று ஹரிக்கே தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வடையைக் கிளறினான்.

“ஷ்ஷ்,” என்றாள் விஜயராணி.

தெருக்கோடியில் நீலக் கார் தெரிந்தது. வலப்பக்கம் திரும்பி இந்தத் தெருவுக்குள் வருகிறது. வரிசை மூச்சைப் பிடித்துக்கொண்டது. வேங்கடசுப்ரமணியன் மெல்லுவதை நிறுத்தினார். கார் திரும்பியது, முழுக்கத் திரும்பியது. எங்கோ ஒரு மாடியில் குக்கர் விசில் அடித்தது. வேறொரு சத்தமும் இல்லை.

கார் ஊர்ந்து வந்து சாம்பார்ப் பாத்திரத்துக்கு ஓர் அடி முன்னால் நின்றது. இசக்கி கண்ணாடியை இறக்கினார். அவர் முகத்தில்கூடச் சிரிப்பைப் போல ஏதோ இருந்தது.

“எடத்த விடுதியா, இல்ல ஒம் மேலயே ஏத்தவா?”

விஜயராணி நகரவில்லை. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, அந்த அமைதி இன்னும் காதில் இருப்பதுபோல நின்றாள். பிறகு கரண்டியைத் தலைக்கு மேலே தூக்கி, காற்றில் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள்: இன்னொரு சுற்று.